நிலாவின் மேல் என்ன போனது? ஒரு மொட்டைமாடித் துப்பறிதல்

என் கணினியில் ‘என்ன இது’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. நிலாப் படங்களில் காரணம் தெரியாமல் வந்து நிற்கும் கறுப்பு உருண்டை, பச்சைப் பொட்டு, ஒளிக்கீற்று எல்லாம் அதற்குள் போகும். பாதி நான் எடுத்தவை. மீதி, வீட்டில் தொலைநோக்கி வைத்திருக்கிறான் என்று கேள்விப்பட்டவர்கள் அனுப்பியவை. அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு வருவார்கள்: “இது பறக்கும் தட்டா?” நான் திருப்பிக் கேட்பதும் ஒரே கேள்விதான்: அது எதோடு சேர்ந்து நகர்கிறது?

கேமராவின் சென்சாரோடு ஒட்டி நிற்கிறதா, லென்ஸைத் திருப்பினால் கூடவே திரும்புகிறதா, காற்றில் மிதக்கிறதா, பூமியைச் சுற்றுகிறதா, நிலாவின் தரையோடு போகிறதா, பின்னாலிருக்கும் நட்சத்திரங்களோடு நிற்கிறதா? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் பெயர் தானாக வந்துவிடும். ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வது கடினம். அடுத்தடுத்து எடுத்த இரண்டு படம் இருந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி.

என் கருவியைச் சொல்லிவிடுகிறேன், கணக்குகளுக்கு வேண்டும். 8 அங்குல டாப்சோனியன் என்ற கண்ணாடித் தொலைநோக்கி, அதாவது 200 மி.மீ. கண்ணாடி, குவியத் தூரம் 1200 மி.மீ., முன்னதால் பின்னதை வகுத்தால் வரும் விகிதம் 6. மோட்டார் கிடையாது, கையால் தள்ள வேண்டியதுதான். கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவை மாட்டுகிறேன். அதன் ஒரு பிக்சல் 3.7 மைக்ரான். வானத்தில் அளக்கும் அலகு வில்விநாடி. ஒரு டிகிரிக்கு 3,600. நிலாவின் முகம் சராசரியாக 1,860 வில்விநாடி அகலம். என் அமைப்பில் போட்டோ எடுத்தால் ஒரு பிக்சலுக்கு 0.64 வில்விநாடி வரும். வீடியோ எடுத்தால் கேமரா படத்தைச் சுருக்கிவிடுவதால் ஒரு பிக்சலுக்கு 2 வில்விநாடி. ஆக வீடியோவில் நிலா 930 பிக்சல் அகலத்தில் சட்டத்துக்குள் அடங்கி நிற்கும். இந்த ‘பிக்சலுக்கு இத்தனை வில்விநாடி’ என்ற எண்ணை உங்கள் கருவிக்கு ஒருமுறை கண்டுபிடித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் நிலாவின் குறுக்களவைப் பிக்சலில் அளந்து, 1,860-ஐ அதனால் வகுத்தாலே போதும். மொபைல் போன் என்றாலும் இதே வழிதான்.

இன்னொரு நிபந்தனை, அசல் கோப்பு வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, எடுத்த நேரம், ஷட்டர் வேகம் போன்ற விவரங்களும் உதிர்ந்துவிடும். சுருக்கும்போது 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகச் சதுரம் சதுரமாக வேறு தெரியும். அதைப் பார்த்து ‘நிலாவில் கட்டடம்’ என்று கிளம்பியவர்கள் உண்டு. டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். கேமராவின் கடிகாரம் சரியா என்றும் கேளுங்கள். விண்வெளி நிலையமா விமானமா என்று பார்க்க வேண்டி வந்தால் ஐந்து நிமிடப் பிசகு எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

முதலில் என்னை உண்மையிலேயே ரசிக்கவைத்த வீடியோ. என்னைப் போலவே மோட்டார் இல்லாத டாப்சோனியன் வைத்திருக்கும் ஒரு கல்லூரித் தம்பி அனுப்பியது. “அண்ணா, இது பறவையும் இல்ல, விமானமும் இல்ல. நேர்கோட்டில போகுது, வேகம் கொஞ்சம்கூட மாறல, ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஆகுது நிலாவைத் தாண்ட” என்றான். பார்த்தேன். அவன் சொன்னபடியேதான் இருந்தது. நிலா அசையாமல் நிற்கிறது. மங்கலான ஒரு கறுப்பு உருண்டை ஓர் ஓரத்தில் நுழைந்து மறு ஓரம் வரை நிதானமாக ஊர்ந்து போகிறது. நடுவில் கொஞ்சம் வெளுப்பு, சுற்றிலும் கருமை, உளுந்து வடை மாதிரி.

மோட்டார் இல்லாத தொலைநோக்கியில் நிலா எப்படி அசையாமல் நிற்கும்? அங்கேதான் விஷயம். பூமி சுழல்வதால் நிலா சட்டத்துக்குள் ஒரு பக்கமாக நழுவிக்கொண்டே இருக்கும். விநாடிக்குச் சுமார் 14 வில்விநாடி. தன் அகலத்தைத் தானே கடக்க இரண்டு நிமிடத்துக்கு மேல். தம்பி எடுத்த வீடியோவை ‘பிப்’ என்ற மென்பொருளில் போட்டு, நிலாவை நடுவில் நிறுத்தி வைத்திருந்தான். அடுத்த கட்டத்தில் படங்களை அடுக்கிக் கூர்மையாக்குவதற்கு எல்லோரும் செய்கிற வேலைதான் அது. ஆனால் நிலாவை நிறுத்தினால் சென்சாரில் ஒட்டியிருக்கும் தூசு ஓடத் தொடங்கும். நிலா நழுவிய அதே வேகத்தில், அதற்கு நேர் எதிர்த் திசையில், ஒரு துளி பிசகாமல்.

பிப்பில் போடுவதற்கு முந்தைய வீடியோவை அனுப்பச் சொன்னேன். அதில் உருண்டை சட்டத்தின் ஒரே பிக்சலில் ஆணி அடித்த மாதிரி நின்றது. நிலா அதன் பின்னால் நழுவிப் போனது. தீர்ந்தது. என்றாலும் அது தூசுதான் என்று அவன் கண்ணாலேயே பார்க்கட்டும் என்று இரண்டு வேலை கொடுத்தேன். ஒன்று, கேமராவை அது செருகியிருக்கும் குழாயான ஃபோகஸரில் 90 டிகிரி திருப்பி மறுபடி எடுப்பது. நிலாவின் குழிகள் எல்லாம் படத்தில் திரும்பிவிடும், சென்சார் தூசு இருந்த இடத்திலேயே நிற்கும். இரண்டு, பகலில் தொலைநோக்கியின் வாயில் வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்துக் கட்டி, வெளிச்சமான வானத்தைப் பார்த்து ஒரு படம். நிலா இல்லாத அந்த வெள்ளைப் படத்திலும் அதே இடத்தில் அதே வடை இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. இருந்தது.

இதில் ஒரு நல்ல கணக்கு ஒளிந்திருக்கிறது. தூசின் நிழல் எவ்வளவு பெரிதோ, அது சென்சாரிலிருந்து அவ்வளவு தள்ளி இருக்கிறது. நிழலின் அகலத்தைத் தொலைநோக்கியின் விகிதத்தால் பெருக்கினால் தூரம் வந்துவிடும். தம்பியின் கேமராவும் தொலைநோக்கியும் என்னுடைய அளவுகளேதான். அவன் போட்டோ ஒன்றில் உருண்டை 40 பிக்சல். 40-ஐ 3.7 மைக்ரானால் பெருக்கினால் 148 மைக்ரான். அதை 6-ஆல் பெருக்கினால் சுமார் 0.9 மி.மீ. ஆக தூசு சென்சாரின் மேல் இல்லை, சென்சாரை மூடியிருக்கும் கண்ணாடித் தகட்டின் மேல் இருக்கிறது. கையால் அமுக்கி ஊதும் ரப்பர் புளோயரில் இரண்டு ஊது, போய்விட்டது. வாயால் ஊதக் கூடாது, எச்சில் தெறித்தால் தூசைவிட மோசம்.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. 45 மி.மீ. தள்ளி ஒரு ஃபில்டர் மாட்டியிருந்தால், அதன் மேலுள்ள தூசின் நிழல் 7.5 மி.மீ. அகலத்துக்குப் பரவிவிடும், படத்தில் தெரியவே தெரியாது. பெரிய கண்ணாடியில் படிந்த தூசு எந்தக் காலத்திலும் புள்ளியாக வராது. புள்ளி தெரிகிறதே என்று முதன்மைக் கண்ணாடியைக் கழற்றிக் கழுவக் கிளம்புகிறவர்களைத் தடுத்து நிறுத்த இதைவிட நல்ல வாதம் எனக்குத் தெரியாது. வடையின் நடுவில் வெளுப்பு ஏன் என்றால், அது டாப்சோனியனின் குறுக்கே நிற்கும் சின்னக் கண்ணாடியின் பதிவு. லென்ஸ் தொலைநோக்கியில் எடுத்தால் வடையில் ஓட்டை இருக்காது.

இனி என்னுடைய சொந்த வீடியோ ஒன்று. பௌர்ணமி, நிலா கிழக்கே எழும்பி ஒரு மணி நேரம் இருக்கும், அடிவானத்திலிருந்து 15 டிகிரி உயரம். கறுப்பாக ஒன்று நிலாவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. நிலாவைக் கடக்க 15 ஃபிரேம். விநாடிக்கு 25 ஃபிரேம் என்பதால் 0.6 விநாடி. நண்பர் ஒருவர் பார்த்ததுமே “விண்வெளி நிலையம்! அரை விநாடிதானே ஆகும் என்பார்கள்?” என்றார். உண்மைதான். சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்தில், விநாடிக்கு 7.66 கி.மீ. வேகத்தில் போகிறது. தலைக்கு நேர் மேலே என்றால் நிலாவைத் தாண்ட அரை விநாடி. ஆனால் சிக்கல் என்னவென்றால், 20 கி.மீ. தூரத்தில் பறக்கும் பயணிகள் விமானமும் 0.8 விநாடியில் தாண்டிவிடும். பக்கத்துத் தெருவுக்கு மேலே போகும் பறவையும் அரை விநாடியில் தாண்டும். நேரத்தை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. அளவை வைத்தும் முடியாது. தூரம் தெரியாதவரை பெரிதும் சிறிதும் ஒன்றுதான்.

தூரத்தைச் சொல்வது மங்கல். இதுதான் இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிகவும் பிடித்த தந்திரம். தொலைநோக்கி நிலாவுக்குக் குவிக்கப்பட்டிருக்கிறது, அதாவது முடிவிலிக்கு. அருகில் உள்ள எதுவும் குவியத்துக்கு வெளியே இருக்கும், அதன் விளிம்பு மங்கும். எவ்வளவு மங்கும் என்பதற்குச் சுலபமான விதி: கண்ணாடியின் அகலத்தைப் பொருளின் தூரத்தால் வகுத்தால் மங்கலின் கோணம். 200 மி.மீ. கண்ணாடிக்கு, 50 மீட்டரில் பறக்கும் பூச்சி 825 வில்விநாடிக்கு, கிட்டத்தட்ட அரை நிலா அகலத்துக்குக் கரைந்துவிடும். நிலா ஒரு கணம் மங்கின மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ஒரு கிலோமீட்டரில் மங்கல் 41 வில்விநாடி. 20 கி.மீ. விமானத்துக்கு வெறும் 2. விண்வெளி நிலையத்துக்கு 0.1, அதாவது நிலாவின் குழிகள் எவ்வளவு கூர்மையோ அதுவும் அவ்வளவு கூர்மை.

என் வீடியோவை ஃபிரேம் ஃபிரேமாகப் பிரித்து ‘இமேஜ்ஜே’யில் திறந்தேன். இலவச மென்பொருள், ஒரு கோடு இழுத்தால் அதன் வழியே வெளிச்சம் எப்படி ஏறி இறங்குகிறது என்று வரைபடம் போட்டுக் காட்டும். கோட்டை இழுக்கும்போது ஒரு கவனம்: பொருள் போகும் திசையில் இழுத்தால் அசைவினால் வரும் மங்கலும் சேர்ந்துகொள்ளும். அதனால் அதற்குக் குறுக்காக இழுக்க வேண்டும். கருமையிலிருந்து முழு வெளிச்சத்துக்கு ஏற 35 பிக்சல் ஆனது. 70 வில்விநாடி. 0.2 மீட்டரை அந்தக் கோணத்தால் வகுத்தால் 590 மீட்டர்.

தூரம் கிடைத்துவிட்டால் மீதி எல்லாம் பள்ளிக்கூடக் கணக்கு. அதிகபட்ச அகலம் 200 பிக்சல், 400 வில்விநாடி. 590 மீட்டரில் அது 1.14 மீட்டர். வேகம் விநாடிக்கு 3,100 வில்விநாடி. அது விநாடிக்குச் சுமார் 9 மீட்டர், மணிக்கு 32 கி.மீ. நிலா 15 டிகிரியில் இருந்ததால் தரையிலிருந்து உயரம் சுமார் 150 மீட்டர். அப்புறம் வடிவம். ஒரு ஃபிரேமில் அகலமாக, மூன்று நான்கு ஃபிரேம் கழித்து ஒடுங்கி, மறுபடி அகலமாக. சிறகடிக்கிறது.

1.14 மீட்டர் சிறகு விரிப்பு, இருட்டின பிறகு, நிதானமான வேகம். பருந்து இந்நேரம் மரத்தில் அடைந்திருக்கும். ஆந்தைகளில் பெரியதைச் சந்தேகப்படலாம். ஆனால் நான் குடியிருக்கும் பக்கம் பழந்தின்னி வௌவால்கள் தொங்கும் மரங்கள் உண்டு; சூரியன் விழுந்து கொஞ்ச நேரத்தில் வரிசையாகக் கிளம்பும். பெரிய பழந்தின்னியின் சிறகு விரிப்பு ஒரு மீட்டருக்கு மேல், ஒன்றரை மீட்டர் வரைகூடப் போகும். மறுநாள் அதே திசையில் வைத்துக் காத்திருந்தபோது நிலா எழும்பத் தாமதமாகிவிட்டது, ஆனால் அந்தி வானத்தில் அவை அதே பாதையில் போவதை வெறுங்கண்ணாலேயே பார்த்தேன். வௌவால்களுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத ஊர்கள் தமிழ்நாட்டில் சில இருக்கின்றன. அந்தப் பக்கம் யாராவது பௌர்ணமி மாலையில் கேமரா வைத்தால் ஒரே மணி நேரத்தில் டஜன் கணக்கில் ‘மர்மப் பொருள்’ கிடைக்கும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அமெரிக்காவில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் லோவரி 1940-களில் நிலாவின் முகத்தைத் தாண்டும் பறவைகளைத் தொலைநோக்கியில் எண்ணித்தான் இரவில் வலசை போகும் பறவைகளைக் கணக்கெடுத்தார்.

இப்போது அதே எண்களை விமானத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 20 கி.மீ. தூரத்தில் 37 மீட்டர் நீள விமானம் 380 வில்விநாடி. என் வௌவால் 400. கடக்கும் நேரம் 0.8, 0.6. அளவும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்று, விளிம்பு மட்டும் ஒன்றில் 1 பிக்சல், மற்றதில் 35. இதற்குப் பிறகு யாராவது ‘அளவைப் பார், வேகத்தைப் பார்’ என்று சொன்னால் விளிம்பைக் காட்டு என்று கேட்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

விமானம் என்றால் விமானங்களின் பாதையைக் காட்டும் ஃபிளைட்ரேடார் தளத்தில் பழைய பதிவைப் பார்க்கலாம், அதில் பெரிய சுவாரஸ்யம் இல்லை. விமானம் போன பிறகு அதன் வெப்பக் காற்றில் நிலாவின் ஓரம் ஒரு நொடி நெளிவதும் நல்ல அடையாளம். விண்வெளி நிலையத்துக்கு ‘டிரான்ஸிட் ஃபைண்டர்’ தளம் இருக்கிறது. நம் இடத்தைக் கொடுத்தால் எந்த நொடியில், எந்தத் தெரு வழியாக அந்தப் பாதை போகிறது என்று சொல்லும். பாதை சில கிலோமீட்டர் அகலம்தான், அதனால் தற்செயலாகப் படத்தில் விழுவது அபூர்வம். விழுந்தால் தெரியும்: 109 மீட்டர் அகலம் தலைக்கு மேல் 55 வில்விநாடி, என் வீடியோவில் 27 பிக்சல். சூரியத் தகடுகள் இருபுறமும் விரிந்த அந்த வடிவத்தை வேறெதுவோடும் குழப்பிக்கொள்ள முடியாது. வானிலை ஆய்வு பலூன் மெதுவாகப் போகும், சிறகடிக்காது; நம் நாட்டில் காலையும் மாலையும் ஐந்தரை மணியை ஒட்டி விடுகிறார்கள், சென்னை மீனம்பாக்கமும் காரைக்காலும் அந்தப் பட்டியலில் உண்டு. மாலைப் படத்தில் கூர்மையான சின்ன வட்டம் வந்தால் நான் முதலில் மணியைத்தான் பார்ப்பேன்.

மொபைல் படங்களுக்கு வருவோம். சித்தி ஒருவர் திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் எடுத்த படத்தில் நிலாவுக்குக் கீழே பச்சையாக ஒரு பொட்டு. மலை மேல் தெரிந்ததால் வீட்டில் எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள். நான் செய்தது இவ்வளவுதான்: ‘ஜிம்ப்’பில் படத்தைத் திறந்து, அதன் நகலை மேலே இன்னொரு அடுக்காக வைத்து, அதை 180 டிகிரி திருப்பி, பாதி ஒளிபுகவிட்டேன். பச்சைப் பொட்டு சரியாகத் தெருவிளக்கின் மேல் போய் உட்கார்ந்தது. லென்ஸுக்குள் மோதித் திரும்பும் வெளிச்சம் பெரும்பாலும் படத்தின் மையத்துக்கு மறுபுறத்தில்தான் விழும். நிலாவே பிரகாசமாக இருந்தால் நிலாவின் பொய்ப்பிம்பம் விழும், சில நேரம் பிறை தலைகீழாக. போனைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தால் பொட்டு எதிர்ப்பக்கம் ஓடும். சித்தியிடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் கஷ்டமாக இருந்தது; “விளக்கோட நிழல் சித்தி” என்று சொல்லி முடித்துக்கொண்டேன்.

மொபைலில் இன்னொரு தொல்லை, போனே நிலாவை வரைவது. 2023-இல் இதைப் பற்றிப் பெரிய விவாதம் நடந்தது: மங்கலாக்கிய நிலாப் படத்தைத் திரையில் வைத்துத் தூரத்திலிருந்து எடுத்தால், இல்லாத குழிகளைப் போன் சேர்த்துத் தருகிறது என்று ஒருவர் செய்து காட்டினார். நானும் வீட்டில் செய்து பார்த்தேன். நிலாப் படத்தில் ஒரு சாம்பல் சதுரத்தை ஒட்டி, எல்லாவற்றையும் மங்கலாக்கி, இருட்டறையில் கணினித் திரையில் காட்டி, ஜூம் செய்து எடுத்தேன். சதுரத்தின் மேல் நிலாத் தரை மாதிரி மேடுபள்ளம் முளைத்திருந்தது. அன்றிலிருந்து மொபைல் ஜூமில் எடுத்த நிலாப் படத்தில் குழிகளுக்கு நடுவே ஏதாவது தெரிகிறது என்றால் நான் அதை ஆராய்வதில்லை. போன் எதையும் திருத்தாமல் சேமிக்கும் ரா கோப்பு இருந்தால் மட்டும் பார்ப்பேன்.

சரி, கருவிக் கோளாறும் இல்லை, காற்றிலும் இல்லை, நிலாவோடுதான் நகர்கிறது என்றால்? அப்போது நிலாவின் வரைபடம் வேண்டும். ‘வர்ச்சுவல் மூன் அட்லஸ்’ என் கணினியில் இருக்கிறது; இன்னும் நுணுக்கமாகப் பார்க்க, 2009 முதல் நிலாவைச் சுற்றிவரும் எல்ஆர்ஓ விண்கலத்தின் படங்களை அடுக்கிய ‘குயிக்மேப்’. அதிகம் வரும் சந்தேகம், பகலும் இரவும் பிரியும் கோட்டுக்கு அப்பால் இருட்டில் தனியாக மினுக்கும் ஒளிப்புள்ளி. வளர்பிறை அஷ்டமியை ஒட்டி நான் எடுத்த ஒரு படத்தில், வடக்கே, கோட்டிலிருந்து 70 பிக்சல் தள்ளி ஒரு புள்ளி. என் போட்டோவில் நிலாவின் நடுப்பகுதியில் ஒரு பிக்சல் சுமார் 1.2 கி.மீ. ஆக 84 கி.மீ. இருட்டுக்குள். அட்லஸில் அந்த இடத்தில் பிட்டான் மலை. எரிமலைக்குழம்பு உறைந்த சமவெளியில் தன்னந்தனியாக நிற்கும், 2.3 கி.மீ. உயரம். இவ்வளவு உயர மலையின் உச்சியில் கோட்டுக்கு அப்பால் 89 கி.மீ. வரை வெயில் விழ முடியும். உயரத்தையும் நிலாவின் ஆரத்தையும் பெருக்கி, இரட்டித்து, வர்க்கமூலம் எடுத்தால் வரும் எண் அது. 1610-இல் கலிலியோ நிலா மலைகளின் உயரத்தைக் கணித்ததும் இந்த யோசனையில்தான். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எடுத்த படத்தில் புள்ளி பெருத்து, கோடு அதை நோக்கி வந்திருந்தது. மலையே.

அஷ்டமி நிலாவின் நடுவே சில மணி நேரம் மட்டும் தெரியும் ‘எக்ஸ்’ எழுத்தும் இந்த ரகம்தான். பிளாங்கினஸ், லா கெய்ல், பர்பாக் என்ற மூன்று குழிகளின் விளிம்பில் வெயில் படும்போது வருவது. வெயிலின் கோணம் எவ்வளவு பெரிய ஆட்களையும் ஏமாற்றும். 1953 ஜூலை 29 அன்று நியூயார்க் ஹெரால்ட் டிரிபியூன் பத்திரிகையின் அறிவியல் ஆசிரியர் ஜான் ஓ’நீல், மேரே கிரிசியம் சமவெளியின் ஓரத்தில் சுமார் 12 மைல் நீளப் பாலம் ஒன்றைப் பார்த்தேன் என்றார். பிரிட்டனின் பெயர்பெற்ற நிலா நோக்கர் வில்கின்ஸும் ஆமோதித்தார். வேறு வேறு கோணத்து வெயிலில் பார்த்தபோது பாலம் எதுவும் இல்லை, இரண்டு முனைகளும் அவற்றுக்கு நடுவே விழுந்த வெளிச்சமும்தான்.

நிலாவின் ஓரத்தில் ஒட்டி நிற்கும் ஒளிப்புள்ளிக்கு நான் அட்லஸைத் தேடுவதற்கு முன் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரைப் பார்ப்பேன். அன்றைய நட்சத்திரம் ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை இந்த நான்கில் ஒன்று என்றால் சந்தேகம் வலுக்கும். முதல் தரப் பிரகாசமுள்ள நட்சத்திரங்களில் நிலா மறைக்கக்கூடியவை இந்த நான்குதான். திருவாதிரை என்றால் அந்தச் சிவப்பு நட்சத்திரம் நிலாவின் பாதைக்கு வெகு தெற்கே இருக்கிறது, ஒருநாளும் ஒட்டாது. பிறகு வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் மென்பொருளில் நேரத்தைக் கொடுத்து உறுதி செய்துகொள்ளலாம். கிரகங்களும் இதைச் செய்யும். 2023 மார்ச் 24 மாலை பிறைக்கு அடியில் வெள்ளி வந்து நின்றபோது என் போனுக்கு வந்த படங்களைத் தனி ஃபோல்டரில் போட வேண்டியிருந்தது.

கடைசியாக, ஒரே ஒரு ஃபிரேமில் மின்னி மறையும் புள்ளி. விண்கல் நிலாவில் மோதினால் மின்னுவது உண்மை. 2013 மார்ச் 17-இல் நாசாவின் கண்காணிப்பில் பதிவான மின்னல் ஒன்றுக்கு 18 மீட்டர் அகலப் புதுக்குழியை எல்ஆர்ஓ பின்னர் கண்டுபிடித்தது. 2019 ஜனவரி 21 சந்திர கிரகணத்தின்போது 0.28 விநாடி நீடித்த மின்னலைப் பல நாட்டு அமெச்சூர்கள் தங்களுக்கே தெரியாமல் பதிவு செய்திருந்தார்கள். அதனால் இந்தப் புள்ளிகளை நான் அலட்சியப்படுத்துவதில்லை. ஆனால் முதல் வடிகட்டி கடுமையானது. தொலைநோக்கி வழியாக வந்த எந்த வெளிச்சமும் நம் காற்றைத் தாண்டித்தான் வர வேண்டும். காற்று அதை இரண்டு மூன்று வில்விநாடிக்காவது பரப்பிவிடும். என் போட்டோவில் அது மூன்று முதல் ஐந்து பிக்சல். ஒரே பிக்சல் மட்டும் பளிச்சென்று எரிந்தால் அது வானத்திலிருந்து தொலைநோக்கி வழியாக வரவில்லை. சென்சாரின் பழுதுப் பிக்சல் என்றால் மூடி போட்டு எடுத்த கறுப்புப் படத்திலும் அதே இடத்தில் எரியும். அங்கே இல்லை என்றால் விண்வெளியிலிருந்து வரும் துகளான காஸ்மிக் கதிர் சென்சாரை நேராகக் குத்தியிருக்கலாம். இரண்டாவது வடிகட்டி, புள்ளி நிலாவின் இருண்ட பக்கத்தில் இருக்க வேண்டும். வெயில் அடிக்கும் தரையில் இந்தச் சின்ன மின்னல்கள் எடுபடாது. கிரேக்கத்தில் கிரியோனேரி வான்நோக்ககத்தின் 1.2 மீட்டர் தொலைநோக்கியில் 2017-இல் இதற்கென்றே பார்க்கத் தொடங்கினார்கள். வெளிச்சத்தை இரண்டாகப் பிரித்து இரண்டு கேமராவுக்கு அனுப்பினார்கள். இரண்டிலும் ஒரே நேரத்தில் தெரிந்தால்தான் மோதல் என்று எழுதினார்கள்.

இந்த இரண்டாவது கண் இல்லாமல் போனதால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது. ஓக்லஹோமாவின் டல்சா நகரில் லியான் ஸ்டூவர்ட் என்ற கதிரியக்க மருத்துவர், 1953 நவம்பர் 15 அன்று தன் 8 அங்குலத் தொலைநோக்கியில் நிலாவைப் படம் எடுத்தார். நிலாவின் நடுப்பகுதியை ஒட்டி, பகலிரவுக் கோட்டருகே பளீரென்று ஒரு புள்ளி. சுமார் 8 விநாடி நீடித்ததாகச் சொன்னார். 1956-இல் அமெச்சூர் இதழ் ஒன்றில் வெளியிட்டார். ஐம்பது ஆண்டு விவாதத்துக்குப் பிறகு, 2003-இல் ஆய்வாளர்கள் போனி புராட்டியும் லேன் ஜான்சனும் கிளெமென்டைன் விண்கலத்தின் படங்களில் அந்த இடத்தில் ஒன்றரைக் கிலோமீட்டர் அகலப் புதுக்குழி இருப்பதாகச் சொன்னார்கள். வழக்கு முடிந்தது என்று பத்திரிகைகள் எழுதின. ஆனால் அதே குழி மவுன்ட் வில்சன் வான்நோக்ககத்தில் 1919-இல் எடுத்த படத்திலேயே இருந்தது தெரிய வந்தது. ஸ்டூவர்ட் எடுத்தது எதை? 8 விநாடி என்பது இன்று நாம் பதிவு செய்யும் மோதல் மின்னல்களோடு ஒத்துவரவில்லை. செயற்கைக்கோள் மினுக்கல் என்று சொல்ல 1953-இல் செயற்கைக்கோளே கிடையாது. நம்மை நோக்கி நேராக வந்த எரிகல் ஒன்று பூமியின் காற்றில் எரிந்திருக்கலாம் என்பது ஒரு யூகம். நேர் எதிரே வரும் எரிகல் கோடு போடாது, புள்ளியாகத்தான் தெரியும். டல்சாவிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தள்ளி அதே நேரத்தில் இன்னொருவர் படம் எடுத்திருந்தால் ஒரே நிமிடத்தில் தீர்ந்திருக்கும். எரிகல் என்றால் அங்கிருந்து பார்க்கும்போது நிலாவைவிட்டே விலகி நின்றிருக்கும்.

என் ஃபோல்டரில் இந்த வகையில் ஒரு வீடியோ மட்டும் மிச்சம் இருக்கிறது. வளர்பிறை நாலாம் நாள், இருண்ட பக்கம், இரண்டு ஃபிரேம், மூன்று பிக்சல் அகலம். பழுதுப் பிக்சல் இல்லை, கறுப்புப் படத்தில் பார்த்துவிட்டேன். இரண்டு ஃபிரேமிலும் வந்திருப்பதால் காஸ்மிக் கதிரும் இல்லை. தொலைவில் சுழலும் ஏதோ ஒரு செயற்கைக்கோள் பளிச்சிட்டதா, மோதலா என்று பிரித்துச் சொல்ல ஒரே கேமராவால் முடியாது. தம்பி இருக்கும் ஊர் இங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல். அடுத்த வளர்பிறையில் மூன்றாம் பிறையிலிருந்து ஆறாம் நாள் வரை, இருட்டினது முதல் நிலா இறங்கும் வரை, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இருண்ட பக்கத்தை வீடியோ எடுப்பதாகப் பேசி வைத்திருக்கிறோம். கேமரா கடிகாரங்களை மட்டும் ஒரே நேரத்துக்கு வைக்க வேண்டும். அதற்கு அவன் ஒரு வழி சொன்னான்: வீடியோ தொடங்கியதும் போனில் ஓடும் ஜிபிஎஸ் கடிகாரத்தைத் தொலைநோக்கியின் வாயருகே ஒரு நொடி காட்டிவிட்டு எடுப்பது. முடிவிலிக்குக் குவித்த தொலைநோக்கியில் போன் திரை தெரியாதே என்றேன். “எண்ணு தெரிய வேண்டாம்ணா, நொடிக்கு ஒருதரம் திரை மின்னினா போதும், எந்த நொடியில தொடங்குச்சுன்னு எழுதி வச்சுக்கலாம்” என்றான். அதுவும் சரிதான்.